ஒன்று குறைத்து

காக்கி புக்கிட்டில், டயர்க் கிடங்குக்கு மேலே
நான்காம் மாடியில் எனக்கு வேலை.
பொய் சொல்லும் பெட்டிகளுக்கு
ஆளுக்கொரு வரி எழுதுவது.

மருதப்பனுடையது சிம் லிம்மில் வாங்கியது,
ஐம்பத்தொன்பது வெள்ளி, ரசீது வெளுத்துவிட்டது.
உள்ளே பதினோரு கல்யாணம், ஒரு காதணி விழா,
இன்னும் பணம் தராத ஒருவரின் அறுபதாம் ஆண்டு.
செருகினால் பச்சை விளக்கு மூன்று முறை சிமிட்டும்.
அப்புறம் யாரையும் தெரியாத முகம்.
"நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு,
கம்ப்யூட்டரை மட்டும்தான் அப்டேட் பண்ணேன்" என்றார்,
குற்றவாளி நான்தான் என்று தெரியாமல்.

உன் கடைசி அறையின் எண் என்ன என்று கேட்டேன்.
மொத்தம் எத்தனை அறை என்பதைச் சொன்னது.
பூஜ்யத்தில் தொடங்கி எண்ணுகிற உலகில்
இரண்டுக்கும் வித்தியாசம் ஒன்று.
ஒன்றே ஒன்று.
ஆனால் நாங்கள் புதிதாகக் கெட்டிக்காரர்கள்:
வந்ததும் வராததுமாகக் கடைசி அறையைத் தட்டுவோம்,
பட்டியலின் நகல் அங்கே இருக்குமாம்.
இல்லாத கதவைத் தட்டியதும்
பெட்டி உறைந்துபோகிறது.
இல்லை என்று சொல்லக்கூட
யாரும் அதற்குக் கற்றுத்தரவில்லை.

செய்தவர்களைக் கேட்கலாமே என்றாள் ஹஃபீஸா.
கேட்டோம். கடிதம் திரும்பி வந்தது,
நிறுவனமே இல்லை என்று.

அப்படியானால் நம் பக்கம்தான்:
இந்தத் தயாரிப்பாளர் எண், இந்தப் பொருள் எண்,
எல்லாப் பதிப்புகளும்.
சொல்வதில் ஒன்றைக் கழித்துக்கொள்.

அட்டவணையில் எனக்கு முன்பே நானூற்றுச் சொச்சம் பேர்.
எழுதாமலே எழுதிவிட்டேன் என்பது,
தூங்கப் போனால் எழுந்திராதது,
இரண்டு வேலை சேர்த்துக் கொடுத்தால்
இரண்டையும் கீழே போட்டுவிடுவது.
ஒரு வரியின் ஓரத்தில் யாரோ எழுதியிருக்கிறார்:
'ஏனென்று தெரியவில்லை. ஒரு நொடி பொறுத்தால் பேசுகிறது.'
அந்த யாரோவுடன் ஒரு கோப்பி குடிக்க வேண்டும்.

ஹவ்காங்கில் எங்கள் புளோக்கின் மின்தூக்கி
முன்பெல்லாம் ஒன்றில், ஐந்தில், ஒன்பதில்தான் நிற்கும்.
வீடு எட்டில்.
ஒன்பதில் இறங்கி ஒரு மாடி கீழே நடப்போம்,
குளிர்பெட்டி வந்த அன்று அதையும் நடத்திக் கூட்டிவந்தோம்.
பிறகு எல்லா மாடியிலும் நிற்கவைத்தார்கள், வருடங்களாயிற்று.
போன செவ்வாய்கூட
என் விரல் ஒன்பதை அழுத்தியது.

மருதப்பன் பதினோரு கல்யாணத்தையும் எண்ணி வாங்கிக்கொண்டு
கறிபஃப் வைத்துவிட்டுப் போனார்.
அதோடு முடிந்தது என்றிருந்தேன்.

எட்டு மாதம் கழித்து ஜூரோங்கிலிருந்து கோ சியூ லிங்.
அதே பெட்டி, அதே எண், புதிதாக வாங்கியது.
மின்சாரம் போய்வந்ததில் முன்பக்கப் பட்டியல் சிதைந்துவிட்டது,
நகலைத் தேடினால்
கடைசி அறையே இல்லையென்கிறது உங்கள் மென்பொருள்.

அறை இருந்தது.
எங்கோ ஒரு தொழிற்சாலையில், பெயர் மாற்றாமல்,
ஒருவரிடமும் சொல்லாமல்
அது திருந்தியிருந்தது.
கேட்டதற்குச் சரியான எண்ணைத்தான் சொன்னது.
நான் ஒன்றைக் கழித்துக்கொண்டேன்.
எல்லாப் பதிப்புகளும்: நான் தட்டச்சிட்டது,
மதிய உணவுக்கு முன், அவசரத்தில்.

சியூ லிங்கின் கோப்புகள் கிடைத்துவிட்டன,
அது பெரிய கதையில்லை.
வரியைத் திருத்தினேன்:
ஒன்று புள்ளி நான்கு வரைக்கும் மட்டும்.
ஓரத்தில் குறிப்பு:
'இதற்குப் பின் வந்தவை சொல்வதை நம்பு.'

"நம்பு" என்பதன் கீழே கோடிட்டுத்
திருப்பி அனுப்பினார் பூன் சியாங்.
எத்தனை பெட்டியில் சோதித்தாய்?

மூன்று.
இரண்டு சரியாகச் சொல்லிவிட்டன.
மூன்றாவது மேசை மேல்,
வெளியே கொட்டும் மழையைப் பொருட்படுத்தாமல்
பச்சையாகச் சிமிட்டிக்கொண்டிருக்கிறது.
ஒன்று,
இரண்டு,